கண்ணை மூடிய படம்

அத்தை உயிராய் வைத்திருந்த நாவலைப் போன வாரம் மறுபடியும் எடுத்தேன். அதில் வரும் பெண் ஒரு நாள் தனியாகப் போய்ப் படம் எடுத்துக்கொள்வாள். சில அத்தியாயம் தள்ளி அந்தப் படத்துக்கு மாலை போட்டிருக்கும்.

நாலாவது படிக்கையில் அத்தைக்குத் தெரியாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புரட்டியதில் எனக்கு எட்டிய கதை இவ்வளவுதான்: படம் எடுத்தால் ஆள் போய்விடும். எங்கள் வீட்டுச் சுவரும் அதைத்தான் சொன்னது. திரு இருதயப் படத்துக்குக் கீழே மாட்டியிருந்த எல்லாருமே கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள்.

அத்தை கல்யாணமாகாமல் எங்களோடு இருந்த அப்பாவின் அக்கா. எனக்குத் தலைவாரிவிடுவதும் ஜெபம் சொல்லித்தருவதும் அவள்தான். ஒரு மாசி மாதம் தஞ்சாவூருக்குத் தனியாகப் போய்வந்தாள். வழக்கமாக வாங்கிவரும் பூந்திப் பொட்டலம்கூட இல்லை. மறுநாளே பூதலூர் ஸ்டூடியோக்காரரை வரச் சொல்லிவிட்டாள்.

அவளுடைய பட்டுப்புடவையை நெல் குதிருக்குள் போட்டு மறைத்தேன். அவள் தேடிப் பார்த்துவிட்டு நூல்புடவையோடு வந்து நின்றாள்.

"வேணாம் அத்த. மழ வரப்போவுது."

"மாசி வெயில்ல ஏதுடி மழ? பொய் சொன்னா சாமியார்ட்ட சொல்லிடுவேன்."

வைக்கோல் போரில் வெள்ளைப் போர்வையைக் கட்டி, அதன்முன் நாற்காலி போட்டார் ஸ்டூடியோக்காரர். அத்தை உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். நான் கண்ணை இறுக மூடி, 'அருள் நிறைந்த மரியே' சொல்ல ஆரம்பித்தேன்.

"பூசைக்கு வந்தவ மாதிரி நிக்கிறா பாருங்க," என்று சிரித்தாள் அத்தை.

"பாப்பா கண்ண மூடிடுச்சும்மா. இன்னொண்ணு எடுத்துடுவோம்," என்றார் அவர்.

இன்னொன்றா! ஒன்றுக்கே ஆள் போகும் என்றால் இரண்டுக்கு? ஊரே கேட்க அலறினேன். அவர் பாட்டுக்கு எடுத்தார்.

அடுத்த நடவுக்கு முன் அத்தை போய்விட்டாள். நினைவு அட்டையில் அந்தப் படம்தான் இருந்தது, என்னை வெட்டிவிட்டு. மாதாவோடுகூட நான் ஒரு வாரம் பேசவில்லை. என் கல்யாண ஆல்பத்தில்கூடக் கண்ணை மூடித்தான் நிற்கிறேன்.

இப்போது முதலிலிருந்து வரிசையாகப் படிக்கையில்தான், அன்று புரட்டாமல் விட்ட பக்கங்கள் வந்தன. அந்தப் பெண் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதைக் கேட்டபிறகே படம் எடுக்கப் போகிறாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

பீரோவிலிருந்து வெட்டாத படத்தை எடுத்துப் பார்த்தேன். அத்தை சிரிக்கிறாள். என் மணிக்கட்டைப் பிடித்த கையில் மட்டும் நரம்பெல்லாம் புடைத்திருக்கிறது. நான் ஓடிவிடாமல் இருக்கத்தான் பிடித்திருக்கிறாள் என்று அன்று நினைத்தேன்.