அரக்கில்லாமல் போன பொதி

“மார்கழி, வெள்ளி. தபாலதிபர் மூக்குத்தியைத் தராசில் நிறுத்தார். ஒரு கிராம்கூட வரவில்லை.” என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. அவர் மிச்சம் விட்ட சிவப்பு அரக்குத் துண்டு இப்போது அந்தப் பக்கத்தின்மேல் கிடக்கிறது.

வன்னியில், துணுக்காய்ப் பக்கத்து உபதபாலகம் ஒன்றில் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். ஓய்வுபெற்ற பிறகும் பக்கத்து வீடுதான். அவர் மனைவி போரின் கடைசி இடப்பெயர்வில் காய்ச்சல் கண்டு இறந்தார். எரிக்க விறகடுக்க வழியில்லாமல் பாதையோரம் புதைத்தார்கள். திரும்பிப் போய்த் தேடியபோது இடம் அடையாளம் தெரியவில்லை. மிஞ்சியது அந்த மூக்குத்தி.

மகள் வெளிநாட்டில், சிறிய செயற்கைக்கோள்கள் செய்யும் நிறுவனமொன்றில் வேலை செய்கிறாள். தனியார் ரொக்கற்றுகளில் ஏற்றுகூலி எவ்வளவு இறங்கிவிட்டது என்று ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள். கிலோவுக்குப் பழைய உழவு இயந்திரம் ஒன்றின் விலையாம். பொதிக் கட்டணம் பார்த்த பழக்கத்தில் தபாலதிபர் உடனே அதைக் கிராமுக்குப் பிரித்தார்.

“தம்பி, ஒரு கோழியின்ர விலைதான் வருது. கனடாவுக்கு மிளகாய்த்தூள் அனுப்புற சனத்துக்கு இதைச் சொல்லிப்போடாதை.”

சிரித்து முடித்து, மேலே போவது பிறகு என்னவாகும் என்று மகளிடம் கேட்டார். சில வருடங்களில் இறங்கி வந்து, காற்றில் உரசி எரிந்துபோகும் என்றாள். அதன்பின் அவர் விலையைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

மூக்குத்தியைச் செயற்கைக்கோள் ஒன்றில் வைத்து அனுப்ப மகள் நிறுவனத்தில் அனுமதி வாங்கினாள். அவர் மூக்குத்தியை மனைவியின் சேலைக் கிழிசலில் பொதிந்து, தைத்து, தையலின்மேல் அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். அரக்கில்லாத பொதியை அவர் வாழ்நாளில் அனுப்பியதில்லை. பொதி போய்ச் சேர்ந்ததும் மகள் அழைத்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

“அப்பா, உங்கட அரக்கு மூக்குத்தியை விடப் பாரம். அதோட ஏத்தமாட்டினம். உடைக்கட்டே?”

“அம்மாவை வெறுமனே அனுப்பச் சொல்லுறியே?”



“துணியோட விடுவினம் அப்பா. துணி எரியும்.”

“சரி. உடை.”

ஏவிய பிறகு, அது வன்னிக்கு மேலாகப் போகும் நேரங்களை மகள் அனுப்புவாள். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது என்றும் சொல்லியிருந்தாள். ஆனாலும் அவர் வயல் வரம்பில் போய் நிற்பார். கூட வரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார்.

சென்ற ஆவணியில் அவர் காலமானார். அவருக்கு விறகு கிடைத்தது. மகளால் வர முடியவில்லை.

செயற்கைக்கோள் இன்னும் சுற்றுகிறதா என்று அவளுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. அரக்குத் துண்டு கிடக்கும் பக்கத்தில், மூக்குத்தி நிறுத்த குறிப்புக்குக் கீழே, அது எரிந்த நாளுக்கென ஒரு வரி விட்டிருக்கிறேன். எரிந்ததா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.