முதுகு எண்ணிய மஞ்சாடி

மஞ்சாடி என்கிற அந்தச் சின்னச் சிவப்பு விதை வெறும் முதுகில் விழும்போது சத்தம் வராது. விழுந்த இடத்தில் தோல் மட்டும் ஒரு கணம் சுருங்கி, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் சமமாகிவிடும். பின்னால் நின்று போடுகிறவளுக்குத்தான் அது தெரியும், எங்கள் வீட்டில் போடுகிறவள் நான். ஸ்ரீவராகத்துத் தெருவில் எல்லா வீடுகளிலும் விளக்கு வைத்து ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருக்கும் வேளையில், எங்கள் கூடத்தில் என் அண்ணா சட்டையைக் கழற்றிவிட்டு ஜமுக்காளத்தின் நடுவில் சம்மணமிட்டு உட்காருவான். வெறும் தரையில் உட்கார்ந்தால் விதை கீழே விழும் சத்தத்தை வைத்து எண்ணிவிடுவான் என்று அந்த ஜமுக்காளத்தை விரிக்கச் சொன்னவர் அப்பா. அப்பாவுக்குக் கணக்குத் தணிக்கை ஆபீஸில் வேலை. திருட்டு எந்த வழியாக வரும் என்று யோசிப்பதில் அவருக்கு ஒரு தனி ருசி உண்டு.

பல பேர் பல பக்கமிருந்து கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே, முதுகில் விழும் கற்களையும் மனதில் எண்ணி வைத்திருந்து கடைசியில் தொகையைச் சொல்வதற்கு 'அவதானம்' என்று பெயர். அப்பா சின்ன வயதில் நாகர்கோவிலில் யாரோ ஒருவர் அப்படிச் செய்ததைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். தன் பிள்ளையை அப்படி ஒருவனாக ஆக்கிக் காட்டவேண்டும் என்ற எண்ணம் அன்று உள்ளே நுழைந்ததோ என்னவோ, அண்ணாவுக்குப் பத்து வயது முடிந்ததும் ஆரம்பித்துவிட்டார். வாய்ப்பாடு கேட்பார், போன வாரம் வந்துபோன விருந்தாளி என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள் என்பார், ரேடியோவை உரக்க வைத்துவிட்டு அதில் செய்தி வாசிப்பவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். நடுநடுவே என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார், நான் ஒரு விதையைப் போடுவேன். எல்லாம் முடிந்ததும், "எத்தனைடா?" என்று கேட்பார். சரியாகச் சொன்னால் சாப்பாடு. தப்பினால், அம்மா பரிமாறி வைத்த தட்டைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார், கோபமே இல்லாத குரலில் "நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டு.

அவர் அடித்ததில்லை. அடிக்கிற அப்பாக்களைப் பற்றி ரொம்பக் கேவலமாகப் பேசுவார்.

"கொழந்தை ஸ்கூல்லேந்து வந்து ஒரு வாய் திங்கலை, கேட்டேளா" என்று அம்மா அடுக்களை நிலைப்படியில் நின்று மெல்லச் சொல்லிப் பார்ப்பாள். அப்பாவிடம் அதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு: "கவனம் இருந்தா பசி தெரியாது. பசி தெரியறதுன்னா கவனம் இல்லேன்னாக்கும் அர்த்தம்." இதைக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தலையாட்டியிருக்கிறார்கள். அண்ணா தூங்கப் போனபிறகு அம்மாவும் சாப்பிடாமல் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுவாள். அது அப்பாவுக்குத் தெரியாது. எத்தனை விஷயங்களைக் கவனிக்கலாம் என்று அளந்துகொண்டிருந்த மனிதருக்கு, சொந்த வீட்டில் யார் சாப்பிட்டார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை.

எப்படி எண்ணுகிறாய் என்று அண்ணாவை ஒருமுறை கேட்டேன். "எண்ணப்டாதுடீ. எண்ணினா போச்சு, அப்பா கேக்கற கணக்கு வழிதப்பிடும். முதுகை அது பாட்டுக்கு விட்டுடணும். அது எண்ணிக்கும். கடைசில நான் அதுகிட்ட கேட்டுப்பேன்" என்றான். மனசு என்பது ஒரே ஆள் அல்ல, உள்ளே ஒருவர் பேச இன்னொருவர் வேலை பார்க்கும் இடம் என்பதை நான் பிற்பாடு பல பேர் எழுதிப் படித்தேன். அதைப் பட்டினி கிடந்து கண்டுபிடித்தவன் என் அண்ணா ஒருவன்தான். ஆனால் வேலைக்கு வைத்த ஆளை வீட்டுக்கு அனுப்பும் வழி அவனுக்குத் தெரியவில்லை. மழை ஓட்டில் சொட்டினால் முதுகு எண்ணும், பஸ்ஸில் கண்டக்டர் மணியடித்தால் எண்ணும். பக்கத்து வீட்டு மாமி தன் பிள்ளை இறந்ததைச் சொல்லி அழுதபோது, அவள் எத்தனை முறை மூக்கைச் சிந்தினாள் என்று வெளியே வந்ததும் என்னிடம் சொல்லிவிட்டு, சொன்னதற்காக வெட்கப்பட்டான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு 'மஞ்சாடி' என்றே பெயர். "டேய் மஞ்சாடி, இது எத்ரயெண்ணம்?" என்று மலையாளத்தில் எண்ணிக்கை கேட்டுக்கொண்டே பின்னாலிருந்து சரளைக்கல்லை வீசுவார்கள். அதற்கும் அவன் சரியான பதிலைச் சொல்வான்.

அரங்கேற்றம் ஒரு நவராத்திரி சாயங்காலம், தெருக்கோடி சமூக மடத்தில் நடந்தது. பட்டுப்புடவை மாமிகள், விசிறிக்கொண்டிருந்த பெரியவர்கள், சுண்டல் வாசனை. அண்ணா புது வேஷ்டி கட்டி, வியர்வை வழிய உட்கார்ந்திருந்தான். பாங்க் மேனேஜர் ஒருவர் பெரிய பெருக்கல் கொடுத்தார், இங்கிலீஷ் வாத்தியார் ஒரு வாக்கியத்தைச் சொல் சொல்லாகக் கலைத்துச் சொன்னார், ஒரு மாமி பாட்டின் நடுவில் நிறுத்தி ராகம் கேட்டாள். அத்தனைக்கும் அவன் சரியாகச் சொல்லச் சொல்ல, அப்பாவின் முகத்தில் நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்காத ஓர் அழகு வந்தது. கடைசியில் அவரே எழுந்து, "எத்தனை?" என்றார்.

"நாப்பத்தொண்ணு."

அப்பா ஜமுக்காளத்தில் கிடந்த விதைகளைச் சபை பார்க்கப் பொறுக்கி ஒவ்வொன்றாக எண்ணினார். நாற்பது. மறுபடி எண்ணினார். நாற்பதுதான். யாரோ சிரித்தார்கள். "நாப்பத்தொண்ணாக்கும் அப்பா" என்றான் அண்ணா, கெஞ்சலே இல்லாமல், தெரிந்ததைச் சொல்கிறவனின் குரலில். பின்னால் நின்று போட்டவள் நான், எனக்கும் தெரியும். நானும் "நாப்பத்தொண்ணு போட்டேன் அப்பா" என்றேன். அவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் சபையைப் பார்த்துக் கைகூப்பி, "மன்னிக்கணும், பையன் இன்னும் தேறலை" என்றார்.

வீட்டுக்கு வந்து அண்ணா வேஷ்டியை அவிழ்த்தபோது, இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு மஞ்சாடி விழுந்து சிமெண்டுத் தரையில் துள்ளி, அப்பாவின் காலருகே போய் நின்றது. வியர்வையில் முதுகில் ஒட்டி வழுக்கி உள்ளே போயிருக்கிறது. அம்மா பார்த்தாள், நான் பார்த்தேன், அப்பாவும் குனிந்து பார்த்தார். பண்டிகைச் சாப்பாடு தட்டில் இருந்தது, பாயசம் தனிக் கிண்ணத்தில். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அண்ணா அதற்காகத்தான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான், நானும் அப்படித்தான் நின்றேன்.

"ஜமுக்காளத்துல விழுந்ததுதான் கணக்கு" என்றார் அப்பா. பிறகு தட்டையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு, "நாளைக்குப் பாக்கலாம்."

அவர் உள்ளே போனதும் அண்ணா அந்த விதையைப் பொறுக்கிக்கொண்டான். மறுநாளிலிருந்து அவன் ஒரு நாளும் சரியாகச் சொல்லவில்லை. எத்தனை போட்டாலும் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிட்டு, தட்டு வரக் காத்திராமல் எழுந்து போய்விடுவான். சில மாதங்களில் அப்பாவுக்கே சலித்துவிட்டது. 'உருப்படாதது' என்று தெருவுக்கே சொல்லிவிட்டு ஜமுக்காளத்தைச் சுருட்டினார். அவர் கற்றுக்கொடுத்ததை அண்ணா விட்டுவிட்டான் என்று எல்லோரும் நினைத்தோம். கற்றுக்கொடுக்கிறோம் என்று நினைக்காமலே கற்றுக்கொடுத்தது எது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

இப்போது அம்மா இல்லை. சமூக மடத்தை இடித்து ஏசி கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். விதை பொறுக்கிய மஞ்சாடி மரம் நின்ற இடத்தில் கார்கள் நிற்கின்றன. அண்ணா விழிஞ்ஞம் துறைமுகத்தில் கேமராத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையில் இருக்கிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான், "என்ன மாதிரி பிள்ளை" என்று தெருவே சொல்கிறது. அப்பாவுக்கு ஞாபகம் போய்விட்டது. மூளைக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

போன மாதம் போயிருந்தேன். விளக்கு வைத்ததும் அண்ணா அப்பாவின் சட்டையைப் பொறுமையாகக் கழற்றி, அவரைப் பழைய ஜமுக்காளத்தில் உட்காரவைத்தான். எதிரே தட்டில் இட்லி. பர்ஸில் சில்லறை வைக்கும் இடத்திலிருந்து ஒரு மஞ்சாடியை எடுத்து என்னிடம் நீட்டினான். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் அவன் முகத்தில் அன்று அப்பாவின் வாயைப் பார்த்து நின்ற பையன் நின்றான். சதை வற்றி எலும்பு தெரிந்த அந்த முதுகில் விதையைப் போட்டேன். தோல் சுருங்கவில்லை.

"எத்தனைப்பா?" என்றான் அண்ணா.

அப்பா இட்லியையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். "ஒண்ணும் விழலையே" என்றார்.

அண்ணா குனிந்து தட்டை எடுத்துக்கொண்டான். குரலில் கோபமே இல்லை.

"நாளைக்குப் பாக்கலாம்."