பாம்பன் கரையேறிய பூதம்

1958ஆம் வருஷம் மாசி மாதம், ஒரு காலை நேரம். பாம்பன் வடக்குக் கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த யாகப்பம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்திருக்கக் கூடாதுதான். முப்பது அடி தள்ளி, ஒரு சினிமாக் கம்பெனியின் பூதம் கடலில் கரைந்துகொண்டிருந்தது.

படத்தின் பெயர் ‘கடல் கொண்டவன்’. ஆழ்கடலில் எடுக்கக் கூடாத ஒரு சங்கை எடுத்துவிட்ட மனிதன், நாளுக்கு நாள் மீன்பூதமாக மாறிப்போகிற கதை. எடுக்க வந்தவர் கீழக்கரை அகமது கபீர். இருபத்தெட்டு வயது. எட்டு வருஷம் மெட்ராஸில் கேமரா உதவியாளராக இருந்துவிட்டு, வாடகைக்கு ஒரு கேமராவும் பதினோரு ஆட்களுமாக முதல் படம் எடுக்க இறங்கியிருந்தார். பூதத்தின் உடை மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்திருந்தது. பிரம்பு, காகிதக்கூழ், மேலே ரப்பர். அதை மாட்டிக்கொண்டு கதாநாயகன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். காகிதக்கூழ் ஊறி உப்பியது. வால் தனியே பிய்ந்து ரயில் பாலத்தைப் பார்க்க மிதந்து போனது.

கபீர் ஈர மணலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

“என்னக்கா, எங்க பொழப்பு ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கா?”

“கோவிச்சுக்கிறாதீக தம்பி. அது மீனே இல்ல. மீனுக்குச் செதிலு தலையிலருந்து வாலுக்குப் படியும். நீக தலைகீழா ஒட்டியிருக்கீக. தண்ணி உள்ள பூந்து உரிக்காம என்ன செய்யும்?”

கபீர் எழுந்து போய், மிச்சமிருந்த ரப்பரைத் தூக்கிப் பார்த்தார். அவள் சொன்னது சரியாக இருந்தது. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த தனக்கு அது கண்ணில் படவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

“அப்ப ஒங்களுக்குச் செய்யத் தெரியுமா?”

“செஞ்சதில்ல. ஆனா மீனு எப்பிடி இருக்கும்னு தெரியும்” என்றாள் யாகப்பம்மாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஆம்பளை உயரம், அகன்ற தோள். அவளுடைய அய்யா இன்னாசி சங்கு குளிக்கிறவர். ஆண்பிள்ளை இல்லாததால் மகளையே வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். பன்னிரண்டு வயதிலேயே நாலு ஆள் ஆழம் மூழ்கி, தரையில் கைவைத்து மணல் அள்ளிக்கொண்டு மேலே வருவாள். பிறகு சவேரியாரைக் கட்டிக்கொண்டாள். இரண்டு மகள்கள். புருஷன் கடலுக்குப் போக, அவள் மீன் அறுத்து, உப்புப் போட்டு, காயவைத்து விற்றாள். அதுவரை அவள் பார்த்த சினிமா இரண்டு. இரண்டிலும் பாதியில் தூங்கிவிட்டாள்.

கபீர் ஆறு நாள் அவகாசம் கொடுத்தார். அவள் முதலில் ஒரு பழைய பருத்தி வலையை எடுத்து உடம்புச் சட்டையாக வெட்டினாள். கரையில் மீன் அறுக்கிற பெண்களிடமெல்லாம் சொல்லிவைத்து, விளமீன், கிளிமீன் செதில்களாக ஒன்றரைச் சாக்கு சேர்த்தாள். ஒவ்வொரு செதிலிலும் ஊசியால் துளைபோட்டு, வாலிலிருந்து மேலாக, வரிசைமேல் வரிசை படியும்படி தைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் கூடவே உட்கார்ந்தார்கள். முகத்துக்கும் கைக்கும் கிளாத்தி மீனின் தோல். அது சட்டை கழற்றுகிற மாதிரி முழுசாக உரிந்து வரும். தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும்.

வெறும் உடம்பில் செதில் ஒட்டுவதற்குத்தான் மெட்ராஸ் பசை ஒத்துவரவில்லை. கதாநாயகனுக்குத் தோல் சிவந்து தடித்தது. யாகப்பம்மாள் கத்தாளை மீனின் வயிற்றுக்குள் இருக்கிற காற்றுப்பையைக் காயவைத்து, வெந்நீரில் காய்ச்சி ஒரு பசை எடுத்தாள். ஒட்டினால் பிடித்துக்கொண்டது. வெந்நீர்த் துணியால் துடைத்தால் வந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து வந்திருந்த மேக்கப்காரர் அதைத் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, ஒரு டப்பா நிறைய வாங்கி வைத்துக்கொண்டார்.

மனிதன் பூதமாகிற காட்சிக்குக் கபீர் ஒரு திட்டம் வைத்திருந்தார். புகை போடுவது, புகை விலகினால் பூதம் நிற்பது.

“அதெல்லாம் வேணாம் தம்பி,” என்றாள் யாகப்பம்மாள். “மொதல்ல கையில ஒரே ஒரு செதிலு. போதும்.”

“ஒண்ணுலயா சனங்க பயந்துருவாக?”

“நான் பயந்திருக்கேன். மூத்த மக கைப்புள்ளையா இருக்கையில, மீன அறுத்துட்டு வந்து அவளத் தூக்கினேன். கன்னத்துல ஒரு செதிலு ஒட்டிக்கிச்சு. தொடைச்சேன், வரல. நகத்தால நெம்பினேன், வரல. ஒரு கணம், அது அவ ஒடம்புலயே மொளைச்சுருச்சோன்னு நெனைச்சேன் பாருங்க. ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு.”

கபீர் நோட்டை எடுத்து, புகைக் காட்சியை முழுக்கக் கோடிட்டு அடித்தார். கதாநாயகன் காலையில் முகம் கழுவுகிறான். மணிக்கட்டில் ஒரு செதில். பிடுங்குகிறான். ரத்தம் வருகிறது. மறுநாள் அதே இடத்தில் மூன்று. படம் அப்படித்தான் எடுக்கப்பட்டது.

கழுத்து வரைக்கும் செதில் ஒட்டிய காட்சிகள் வரை கதாநாயகன் தாக்குப்பிடித்தான். முழு உடையைப் போட்ட அன்று, மீன் வாடை தாங்காமல் இரண்டு தரம் வாந்தியெடுத்தான். “என் முகம் வர்ற சீனெல்லாம் முடிஞ்சுதே சார். உள்ளே யாரா இருந்தா என்ன?” என்று சொல்லிவிட்டு, மறுநாள் ரயிலேறிப் போய்விட்டான். மிச்சமிருந்தது பூதம் கடலிலிருந்து கரையேறுகிற காட்சி. அதுதான் படத்தின் உயிர். கம்பெனி ஆட்களில் நீந்தத் தெரிந்தவர் ஒருவருமில்லை.

“அளவெல்லாம் எனக்குச் சரியா இருக்கும்,” என்றாள் யாகப்பம்மாள். “நானே போட்டுக்கிறேன். எங்க வீட்டுக்காரர்ட்ட மட்டும் ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்.”

சவேரியார் கடலிலிருந்து வந்து, வலையை உதறிக்கொண்டே கேட்டார். அதிகம் பேசாத மனிதர்.

“தவக்காலத்துல போயி பேய் வேசமா புள்ள?”

“பேய் இல்லங்க, மீனு. தவக்காலத்துல நாம மீனுதான திங்கிறோம்?”

“ஊரு சிரிக்கும்.”

“சிரிச்சா அது என் தப்பு. நான் சிரிக்க வைக்கப் போகல.”

அவர் வலையை மடித்து முடித்தார். கடைசியில், “நான் வள்ளத்தோட பக்கத்துலயே நிப்பேன். மூச்சு முட்டுனா கையத் தூக்கு” என்றார்.

மறுநாள் பொழுது விடிந்து வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் கேமராவைக் கரையில் ஊன்றினார்கள். ஊர் ஆண்கள் இருபது பேர், பயந்து ஓடுகிறவர்களாக நடிக்கக் கூடியிருந்தார்கள். யாகப்பம்மாள் எப்படி நடப்பது என்று இரண்டு நாளாக யோசித்திருந்தாள். முட்டையிடக் கரையேறுகிற ஆமையை அவள் பலமுறை பார்த்தவள். தண்ணீரில் கனமே இல்லாத உடம்பு, மணலைத் தொட்டதும் தன் பாரம் தாங்காமல் இழுத்து இழுத்து வரும். நாலு எட்டு, பிறகு நின்று ஒரு பெருமூச்சு. அந்த நடைதான் வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

கபீர் கை காட்டினார். அவள் மூழ்கினாள். கேமரா ஓடியது. தண்ணீர் சும்மா கிடந்தது. கூட்டத்தில் யாரோ, “என்னப்பா, ஆளக் காணோம்?” என்றார்கள். சவேரியார் துடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டார். கடல் அப்படியே கிடந்தது.

பிறகு கரையோரத்தில் முதுகு மட்டும் எழுந்தது. வெயில் பட்டுச் செதில் ஒவ்வொன்றும் மினுங்க, தண்ணீர் வடிய, அது மணலில் ஏறியது. ஓர் இழுப்பு. இன்னோர் இழுப்பு. நின்றது. தலையை மெல்லத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்து, நெஞ்சு விரிய மூச்சை இழுத்தது.

இருபது ஆண்களும் ஓடினார்கள். கபீர் “கட்” சொன்ன பிறகும் ஓடினார்கள். ரெண்டு பேர் ரயில் நிலையம் வரைக்கும் போய்விட்டதாகப் பிறகு கேள்வி.

முகமூடியைக் கழற்றிக்கொண்டு யாகப்பம்மாள் மணலில் உட்கார்ந்தபோது, சவேரியார் தண்ணீர்ச் செம்போடு வந்தார். “நீதான் உள்ள இருக்கேன்னு தெரியும் புள்ள,” என்றார். “தெரிஞ்சும் வள்ளத்தப் பின்னாலதான் தள்ளினேன்.” தன் வாழ்நாளில் கேட்ட பாராட்டுகளிலேயே பெரியது அதுதான் என்று அவள் பின்னாளில் சொல்வதுண்டு.

அடுத்த வருஷம் படம் ராமநாதபுரத்துக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சிக்கு, பூசை முடிந்த கையோடு குடும்பமாகப் போனார்கள். அபிராமம், சிக்கல் ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்த கூட்டம். ஆரம்பத்தில் பெயர்கள் ஓடின. சின்ன மகள் படித்துப் பார்த்தாள். யாகப்பம்மாளின் பெயர் இல்லை. பூதத்துக்கு நேராகவும் கதாநாயகன் பெயரே இருந்தது. பொம்பளை பெயரைப் போட்டால் சனங்கள் சிரித்துவிடுவார்கள் என்று படத்தை வாங்கியவர்கள் எடுக்கச் சொல்லிவிட்டார்களாம். படம் பார்க்க வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த கபீர் தலைகுனிந்தபடி அதைச் சொன்னார்.

பூதம் கரையேறிய காட்சியில் கொட்டகையே அலறியது. அத்தோடு இடைவேளை விட்டார்கள். பின்வரிசையில் ஒருவர், “மெட்ராஸ்காரன் என்னமா நடிச்சிருக்கான்!” என்றார்.

யாகப்பம்மாள் எழுந்தாள். சவேரியார் தடுக்கவில்லை, காலை மடக்கி அவளுக்கு வழிவிட்டார். வெள்ளைத்திரைக்கு முன்னால் போய், சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள். தோளைக் குறுக்கினாள். ஓர் இழுப்பு. இன்னோர் இழுப்பு. நின்றாள். தலையைத் திருப்பி மூச்சை இழுத்தாள்.

கடலை தின்றுகொண்டிருந்தவர்களின் கை அப்படியே நின்றது. முன்வரிசையில் ஒரு பெண் தன் குழந்தையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு யாரோ ஒருவர் தட்ட ஆரம்பிக்க, கொட்டகை முழுக்கக் கைதட்டல். கொட்டகை முதலாளி ஹமீது சுல்தான் ஓடிவந்தார். கபீர் அவரிடம் நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது அழுதுவிட்டார்.

ஹமீது சுல்தான் மேடையில் ஏறி, “பூதமா நடிச்சதும், வேசத்தத் தைச்சதும் நம்ம பாம்பன் யாகப்பம்மாள்!” என்று கத்தினார். மறுநாள் கொட்டகை வாசலில் ஒட்டிய நோட்டீஸில், கதாநாயகன் பெயருக்கு மேலே, கையால் எழுதிய அவள் பெயர் இருந்தது. இரண்டு வாரம் ஓட வேண்டிய படம் ஐந்து வாரம் ஓடியது.

1961இல் கபீருக்கு இரண்டாவது படம் அமைந்தது. முதல் கடிதம் பாம்பனுக்குத்தான் வந்தது. யாகப்பம்மாள் ஒரு சாக்குச் செதிலோடும் புருஷனோடும் மெட்ராஸ் ரயில் ஏறினாள். ஸ்டுடியோ வாசலில் காவலாளி வழிமறித்தார்.

“மீன் விக்கிறதெல்லாம் பின் வாசல்லம்மா. உங்களுக்கு இங்க யாரைப் பாக்கணும்?”

“நான் யாரையும் பாக்க வரல,” என்றாள் அவள். “என்னப் பாக்கத்தான் உள்ள எல்லாரும் காத்திருக்காக. போயி, பூதம் வந்திருக்குன்னு சொல்லுங்க.”

பதினோரு நாள் வேலை செய்தாள். அந்தப் படத்தில் அவள் பெயர் தனியாக, முழுத்திரையில் வந்தது.