கேசட் அட்டையில் இல்லாத பெயர்

நிகில் பாபு வங்காளப் படங்களுக்கு முப்பது வருடம் பாட்டெழுதியவர். இப்போது அமெரிக்காவில், எங்கள் எடிசன் ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். இன்று அவரோடு கேசட் கடைக்குப் போனேன்.

அவர் பாட்டெழுதிய படத்தின் கேசட் ஒன்று கிடைத்தது. அட்டையில் கதாநாயகன், இசையமைப்பாளர், பாடகி எல்லோரும் இருந்தார்கள். அச்சகத்தின் முகவரிகூட இருந்தது. பாட்டெழுதியவர் மட்டும் இல்லை.

"எப்போதும் இப்படித்தான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைக்காரத் தம்பியிடம் பேனா கேட்டேன்.

"அங்கிள், கவர்ல எழுதினா ரிட்டர்ன் பண்ண முடியாது. நீங்கதான் வாங்கணும்."

"வாங்கிக்கறேன். இவர் பேர் இல்லாம இது வெளியே போகாது."

பெரிதாக எழுதி அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ரொம்ப அழகாக இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறீர்கள்?"

கோபத்தில் தமிழில் எழுதிவிட்டிருந்தேன்.

வீட்டில் மகன், "அதை அடிச்சுட்டு இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்கப்பா" என்கிறான். அடிப்பதா? அவர் பெயரை மற்றவர்கள் அடித்தது போதாதா?

அவர் தமிழ் படிக்கட்டும். நானும் எந்த வாத்தியாரிடமும் போகாமல் படித்தவன்தான்.

யாரிடமாவது அரிச்சுவடி இருந்தால் எழுதுங்கள். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.