பதினோராவது கட்டம்

பதினோராவது கட்டத்தில் அவர் அன்றைய தேதியை எழுதினார். ஓய்வூதியம் எந்த நாளிலிருந்து வேண்டும் என்று படிவம் கேட்கும் கட்டம் அது. பேனாவை அழுத்திப் பிடித்து, ஒவ்வோர் எண்ணாக அவர் எழுதுவதை ஓய்வூதிய அலுவலகக் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

களக்காட்டிலிருந்து வந்திருந்தார். வாழைத்தோட்டங்களில் தார் வெட்டுகிற வேலை. பஞ்சாலையில் வேலை பார்த்த அவர் மனைவி இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மனைவியின் ஓய்வூதியம் கணவனுக்கும் உண்டு என்பதையே மகளின் பள்ளியில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். இறந்த மறுநாளிலிருந்தே கேட்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் விண்ணப்பித்த நாளிலிருந்துதான். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆகியிருந்த எனக்கு அது தெரியும். ஆனால் முதல் வாரமே கண்காணிப்பாளர் சொல்லியிருந்தார்: “கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா. கேக்காததயெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தா ஒரு பைலும் நகராது.” அவர் எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். நான் படிவத்தில் முத்திரை குத்தி வாங்கி வைத்தேன்.

வீட்டுக்குப் போயும் அந்தத் தேதியையே நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் மேல்முறையீடு என்று அலைய வேண்டும். படிவத்திலிருந்த கைபேசி எண் பக்கத்து வீட்டுக்காரருடையது; கூப்பிடக் கூப்பிட அணைந்தே கிடந்தது. வியாழக்கிழமை வயிற்றுவலி என்று விடுப்புச் சொல்லிவிட்டுக் களக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். நாங்குநேரி வரும்வரை இறங்கித் திரும்பிவிடலாம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னுடையது ஒப்பந்த வேலை. ஒரு வார்த்தையில் நிறுத்திவிடலாம். அப்பாவின் மருந்து என் சம்பளத்தில்தான் ஓடியது.

விசாரித்துப் போய்ச் சேர்ந்த தோட்டத்தில் லாரிக்குத் தார் ஏற்றிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்தார். முகம் செத்துப்போனது.

“மனுவத் தள்ளிட்டாங்களா மேடம்? நான் எதும் தப்பா எழுதிட்டனா?”

“இல்லண்ணே. தேதிய மாத்தணும். அக்கா தவறின மறுநாள்லேருந்து கேளுங்க. அது உங்களுக்குச் சேர வேண்டியது.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “மறுநாளு நான் எங்கன கெடந்தேன்னே எனக்குத் தெரியாது. அந்தத் தேதிய எழுதித் துட்டு கேக்கச் சொல்லுதியளே” என்றார்.

வெள்ளைத்தாளை நீட்டியபடி நின்றேன். பிள்ளை பன்னிரண்டாவது முடிக்கப் போகுது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர், லாரிப் பலகையில் தாளை வைத்து எழுதினார். வாழைக்கறை ஓரத்தில் படிந்தது.

மறுநாள் காலை அதைக் கண்காணிப்பாளரின் மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு நிமிர்ந்தார். “வயித்துவலி எப்படிம்மா இருக்கு?” பதிலுக்குக் காத்திராமல் தாளைக் கோப்பில் சேர்த்து நாடாவைக் கட்டிக்கொண்டே பையக் கேட்டார்: “இவருக்கு பஸ் ஏறிப் போயிட்ட. இந்த மூணு மாசமா நீ முத்திரை குத்துன மத்தவங்க வீட்டுக்கெல்லாம் எப்பம் போவ?”

ஆணை, மனைவி இறந்த மறுநாளிலிருந்தே கணக்கிட்டு வந்தது. மகளை நர்சிங்கில் சேர்த்துவிட்டதாகக் களக்காட்டுக்காரர் ஒருநாள் வந்து சொல்லிவிட்டுப் போனார். என் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது யார் வந்தாலும் முதலில் தேதியைத்தான் சொல்கிறேன். கண்காணிப்பாளரின் அந்தக் கேள்விக்கு மட்டும் துணிவு வர இத்தனை வருடமாயிற்று. அந்த மூன்று மாதத்துப் பழைய பதிவேட்டைத் தேடியெடுத்து, முகவரிகளை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

சென்ற மாதம் சேரன்மகாதேவியில் நோட்டிலிருந்த முதல் வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டி, படிவம் கொடுத்தவரின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். திறந்த பெண், அம்மா ஆடியில் தவறிவிட்டதாகச் சொன்னாள். பிறகு, “நீங்க அம்மாவுக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள்.