மெட்டில் அணைக்காத எஞ்சின்

சுருளியப்பன் அண்ணன் இறந்துபோன செய்தி போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் எனக்குக் கிடைத்தது. கீழேயிருந்து வந்த லாரிக்காரர் சொன்னார். மஞ்சள் காமாலையாம், ஈரல் கெட்டுப்போயிருந்ததாம். என் பஸ்ஸின் பின்சீட்டில் இருந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "குடிகாரன்தானப்பா, இத்தன நாளு இருந்ததே பெருசு" என்றார். டிக்கெட் தோல்பையால் ஒன்று வைத்திருப்பேன், அடக்கிக்கொண்டேன். போடி ஷெட்டில் அவரோடு வண்டி ஓட்டிய நீங்களும் அப்படித்தான் பேசிக்கொள்கிறீர்கள் என்று பிறகு தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவருடைய பஸ்ஸில் ஐந்து வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான்.

அவர் குடித்த காலம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். நிறுத்திய விதம் தெரியாது. மதினி எனக்குச் சொன்னது இது. கூடப்பிறந்தவர்கள் நல்லதென்று நினைத்து அவரை ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் நடுங்கி, "பல்லி பல்லியா விழுதுடா, எடுத்துப் போடுங்கடா" என்று கத்தியிருக்கிறார். பேய் பிடித்துவிட்டது என்று கோடாங்கியைக் கூப்பிட ஆள் போனது. தற்செயலாக வந்த எஸ்டேட் கம்பவுண்டர் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "பேயும் இல்ல பிசாசும் இல்ல. வருசக்கணக்கா குடிச்ச ஒடம்பு, திடீர்னு நிறுத்துனா இப்படித்தான் ஆகும். பூட்டியே வச்சா செத்துப்போவான். ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க." அந்தக் கம்பவுண்டர் வராமல் இருந்திருந்தால் நான் அவரைப் பார்த்தே இருக்க மாட்டேன்.

பிழைத்து வந்து மறுபடியும் வண்டி எடுத்தார். முதலாளி கொடுத்ததோ பூப்பாறை பஸ். கீழே போடியில் மதுவிலக்கு, மெட்டைத் தாண்டினால் வேறு மாநிலம், அங்கே சாராயம் உண்டு. சோதனைச் சாவடிக்கு நேரெதிரே சாராய ஷாப்பு. போகும்போது பத்து நிமிஷம், திரும்பும்போது பத்து நிமிஷம், வண்டி அதன் வாசலில்தான் நின்றாக வேண்டும். பாதிப் பேர் டிக்கெட் எடுப்பதே அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான். அண்ணன் மட்டும் எஞ்சினை அணைக்கவே மாட்டார். பிரேக்கில் காலை ஊன்றிக்கொண்டு, சாவடிக் கம்பையே பார்த்தபடி இருப்பார். பெட்ரோலை வீணடிக்கிறார் என்று முதலாளிக்குக் கோபம். எனக்கும் அது வறட்டுப் பிடிவாதமாகத்தான் தெரிந்தது. நிறுத்தியவன் நிறுத்தியவன்தான், அந்தக் கதை முடிந்துவிட்டது என்று நம்பியிருந்தேன்.

ஒரு நாள் திரும்பும் வழியில், மெட்டில் வண்டி நின்றதும் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன். "மொதலாளி சொல்லிட்டாருண்ணே" என்று சிரித்தேன். எஞ்சின் நின்றது. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. கோபமில்லை, பயம். மெல்லக் காலை எடுத்தார். இறங்கினார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் வந்ததுமே தெரிந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தார். உள்ளே நாற்பது பேர், முன்னால் அத்தனை கொண்டை ஊசி வளைவுகள், பனி வேறு இறங்கத் தொடங்கியிருந்தது. எஞ்சினைக் கிளப்ப முன்னால் நின்று ஹேண்டில் போட வேண்டியவன் நான். போடாமல் இருந்திருக்கலாம். ஆனால் மூத்தவரிடம் எப்படிச் சொல்வது என்று கூசிப்போய், ஹேண்டிலைச் செருகிக் குனிந்தே விட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

"போடாத தம்பி!" என்று கத்தினார். இறங்கி வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "எறங்குங்கம்மா, எல்லாரும் எறங்குங்க. நான் குடிச்சிருக்கேன். ஓட்ட மாட்டேன்."

"ஒரு கிளாசுதானப்பா, மெதுவா ஓட்டு" என்றார் ஒருவர். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் ஏசினார்கள். ஒரு கிழவர் கையைப் பிடித்துக் கெஞ்சவே செய்தார். அண்ணன் சாவியை என் சட்டைப்பையில் போட்டு, "நானே கேட்டாலும் குடுக்காத" என்றார். வேறு டிரைவர் வரும்வரை இரண்டு பேரும் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் சொன்னார். "ஆச போயிருச்சுன்னு நெனச்சியா? அது தெனமும் இந்த வாசல்ல எனக்காக நிக்கிது. எஞ்சின் ஓடுனா கால் பிரேக்குல இருக்கணும். கால் அங்க இருந்தா நான் அங்குட்டுப் போக முடியாதுல்ல."

மறுநாள் முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்தார். "எஞ்சின் தானா நின்னுபோச்சு மொதலாளி. குடிச்சது நான்" என்றார் அண்ணன். நான் வாய் திறக்கவில்லை. அவருக்கு ஒரு மாசம் வேலை இல்லை என்று ஆனது.

அந்த மாசம் அவர் சோறு தின்னவில்லை, பேசவில்லை. "கெணத்துக் கயித்த ஒளிச்சு வச்சிருக்கேன் கொழுந்தனாரே, எனக்குப் பயமா இருக்கு" என்று மதினி அழுதார். டூட்டி முடிந்ததும் தினமும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். புத்தி சொல்லவில்லை. எந்த வளைவில் மண் சரிந்தது, எந்த டயர் வெடித்தது என்று வண்டிக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இருபது நாள் கழித்து, "கிளட்ச் தட்டு மாத்துனாங்களா?" என்று கேட்டார். மதினி அடுப்பங்கரையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் ஓட்டினார். மெட்டில் எஞ்சின் ஒரு நாளும் அணையவில்லை. நானும் டீ குடிக்க இறங்காமல் அவர் பக்கத்துப் படியிலேயே நின்றேன். ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. ஈரல் மட்டும் பழையதை மறக்கவில்லை. குடிகாரன் செத்தான் என்று இனிமேல் யாரும் என் காதுபடச் சொல்ல வேண்டாம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் எனக்காகச் சொன்ன அந்த ஒரு பொய். தான் குடித்ததை நாற்பது பேர் முன்னால் சொன்ன மனிதர், நான் செய்ததைச் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை, மதினியிடம்கூட. முதலாளியும் இதைப் படிக்கட்டும். அன்று எஞ்சின் தானாக நிற்கவில்லை. சாவியைத் திருப்பியது நான்.