தராசுக்காரர் செதுக்கிய கட்டை

என் அக்கா புருஷனை ஊரே ‘தராசு’ என்றுதான் சொல்லும். கடைகடையாகப் போய் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்துகிற அரசாங்க உத்தியோகம். பையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். கல்லை ஒரு தட்டு தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பார். அடியில் துளை போட்டு ஈயத்தைச் சுரண்டியிருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடுமாம். சொந்தப் பெரியப்பா மகன் கடைக்கே சீல் வைத்த மனுஷன். அதற்கப்புறம் அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு எங்கள் யாருக்கும் அழைப்பு வரவில்லை. அக்கா பல நாள் புலம்பித் தீர்த்தாள். அத்தான் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.

ரிட்டயர் ஆனதும் பின்கட்டில் மரவேலை என்று ஒன்றை ஆரம்பித்தார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அது வேலையைப் பார்த்தாலே தெரியும். முதலில் ஒரு முக்காலி செய்தார். அதில் உட்கார்ந்து விழாதவர்கள் எங்கள் குடும்பத்தில் குறைவு. நான் விழுந்த அன்று சண்டை போட்டுவிட்டு வந்தேன். ‘தரை சமமா இல்ல’ என்று பதில் சொல்லி அனுப்பினார்.

அக்கா தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டு, தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கத்தரிக்கோல் கையிலிருந்து தானாக நழுவியது. அப்புறம் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. அப்புறம் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததில், தசை இளைத்துக்கொண்டே போகிற நோய் என்றார்கள். அக்காவிடம் சொன்னது அவ்வளவுதான். டாக்டர் அத்தானை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். என்ன சொன்னார் என்று அத்தானிடம் கேட்டேன். அவரிடம் ஒரு சொல்லை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற மாதிரி. களைப்பு வராத அளவுக்கு லேசாகப் பயிற்சி செய்யலாம் என்றார்களாம், அதை மட்டும் சொன்னார்.

அதே சமயம் வெளிநாட்டில் இருக்கும் அவர்கள் மகள் முழுகாமல் இருப்பதாகப் போன் வந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிள்ளையைத் தூக்க முடியாமல் மகள் வீட்டில் போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பிரசவத்துக்குள் கையைத் தேற்றிக்கொண்டுதான் விமானம் ஏறுவாளாம்.

பயிற்சி சொல்லித்தருகிற இடத்தில் சின்னக் கர்லாக்கட்டை ஒன்று இருந்தது. தலை தடித்து, கழுத்து ஒடுங்கி, அடியில் ஒரு குமிழ். குமிழ் இருப்பதால் பிடி நழுவாது. அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்று அவள் வாய் மூடுவதற்குள் அத்தான் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

காற்றில் முறிந்து விழுந்த கொய்யாக் கிளை ஒன்று வேலியோரம் கிடந்தது. அதை அளவாக அறுத்து, வெட்டுவாயில் விரிசல் விடாமல் இருக்க மெழுகுவத்தியை உருக்கித் தடவிக் கட்டிலுக்கு அடியில் காயப் போட்டார். அக்காவுக்குக் கை தளர்ந்ததிலிருந்து அந்த வீட்டைக் கூட்டுவது நான்தான், கூட்டும்போதெல்லாம் அது என் துடைப்பத்தில் இடித்தது. காய்ந்த பிறகு நாலு பக்கமாகச் சீவி, நாலை எட்டாக்கி, எட்டைப் பதினாறாக்கி, அப்புறம் அரத்தால் ராவி உருட்டினார். உப்புத்தாள் போட்டு எண்ணெய் தேய்த்ததும் கட்டை பளபளத்தது. முக்காலி செய்த கைதானா இது என்று எனக்கே சந்தேகம்.

அக்கா அதைப் பிடித்து இடுப்பு வரை தூக்கினாள். அதற்கு மேல் போகவில்லை. கொஞ்சம் கனம் என்றாள். அவர் எடுத்துப் போய் இழைத்துக் கொண்டுவந்தார். சில நாள் ஆனதும் மறுபடி கனத்தது, மறுபடி இழைத்தார். மூன்றாவது தடவை அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. கட்டையும் தன்னைப் போலவே இளைத்துக்கொண்டு போகிறதே என்று சொல்லிவிட்டு அழுதாள். இனிமேல் இழைக்கக் கூடாது, இதையே தூக்குவேன் என்றாள்.

சொன்னபடி தூக்கவும் செய்தாள். அடுத்த மாதமே கட்டை அவள் தோளுக்கு வந்தது. அப்புறம் தோளைச் சுற்றிப் பின்னால் போய் முன்னால் வந்தது. நான் லாண்டரியில் வேலை முடிந்து வரும்போதெல்லாம், இங்க பாரு, இங்க பாரு என்று சுற்றிக் காட்டுவாள். எங்கள் எல்லாருக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று. பேத்தி பிறந்த செய்தி வந்தபோது டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், இப்படியே போனால் இன்னும் ஒரு மாசத்தில் ரெண்டு கையாலும் தூக்குவேன், அப்ப போறேன் என்றாள். அடுத்த மாதமும் அதையேதான் சொன்னாள்.

எனக்கு ஒன்று இடித்தது. தோளுக்கு மேல் கட்டை தூக்குகிறவளால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. கரண்டி வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்திவிடுகிறது. தலைவாரி விடுவதே நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா உள்ளே படுத்திருந்தாள். கூட்டுவதற்காகச் சுவரோரம் சாய்ந்திருந்த கட்டையை நகர்த்தப் போனேன். கனமான சாமானைத் தூக்குகிற தோரணையில் தூக்கினேனா, கை விசுக்கென்று மூக்கு வரைக்கும் வந்துவிட்டது. கட்டை பார்வைக்கு அப்படியேதான் இருந்தது. விரலால் தட்டிப் பார்த்தேன். தராசு வீட்டில் இத்தனை வருஷம் புழங்கியவளுக்கு அந்தச் சத்தம் புரியாதா?

நேராகப் பின்கட்டுக்குப் போய் அவர் முன்னால் அதைப் போட்டேன். அவர் மறைக்கவில்லை. தலைப்பக்கத்திலிருந்து துளை போட்டு உள்ளே குடைந்திருக்கிறார். அதே மரத்தில் மூடி செய்து, ரேகைக்கு ரேகை பொருத்தி, மரத்தூளும் பசையும் குழைத்து இடுக்கை அடைத்திருக்கிறார். அவளுக்குக் கை தளரத் தளர மூடியை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் குடைவாராம். டாக்டர் அவரிடம் தனியாகச் சொன்னதும் அப்போதுதான் வெளியே வந்தது. இந்த இளைப்பு நிற்கவே நிற்காதாம்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கட்டையாலேயே அவரை அடித்திருப்பேன். அவர் தலை குனிந்தபடியே சொன்னார்:

“தூக்கும்போது அவ முகத்தப் பாத்தியா நீ? அதுக்காகத்தான்.”

“பாத்தேன் அத்தான். அந்த முகத்தோடதான் அவ பயணத்தத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கா. இன்னும் தேறும் தேறும்னு உக்காந்திருக்கா. அவளுக்கு இருக்கிற நாள நீங்க சுரண்டிக்கிட்டு இருக்கீங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். சத்தியமாக அந்தப் பக்கம் அவர் புத்தி போயிருக்கவில்லை. மற்றவன் எடையில் ஊசி முனை குறைந்தாலும் பிடிக்கிற மனுஷனுக்கு இது தெரியவில்லை. உள்ளங்கை இரண்டையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு, கட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் வாசற்படியில் நின்றுவிட்டேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சொன்னதையும் விடவில்லை. அவர்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அக்கா கட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மூடி இருக்கும் இடத்தை விரலால் தேடினாள். அவளுக்கும் அது அகப்படவில்லை.

“இப்ப எவ்வளவு இருக்கு?” என்று கேட்டாள்.

சொன்னார்.

“முதல்ல?”

அதையும் சொன்னார். பழைய எடையில் கால்வாசிகூட மிச்சமில்லை. அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தன கடைக்கு சீல் வச்சீங்க. பொண்டாட்டிக்கு மட்டும் கள்ள எடையா?”

அத்தான் அழுதுவிட்டார். பெரிய சத்தத்தோடு, அடக்கத் தெரியாமல் அழுதார். எனக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அக்கா கையைத் தூக்கி அவர் தோளில் வைக்கப் பார்த்தாள், பாதியில் நின்றுவிட்டது. அவரே அந்தக் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

“டிக்கெட் எடுங்க. தூக்க முடியாட்டாலும் பரவாயில்ல. இனிமே எனக்கு எது ஆனாலும் உள்ளத உள்ளபடி சொல்லணும்.”

அந்த வாரமே ஏற்பாடு பண்ணினோம். துணைக்குப் போக எனக்குத்தான் விசா கிடைத்தது, அவருக்கு ஏதோ தாளில் சிக்கல் வந்து தள்ளிப்போயிற்று. மகள் வீட்டு வாசலில் அக்கா சக்கர நாற்காலியில் போய் இறங்கினாள். மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்புறம் குழந்தையைக் கொண்டுவந்தாள். அக்காவால் கையை நீட்ட முடியவில்லை. மடியில் தலையணை போட்டு, அதன் மேல் படுக்க வைத்து, அக்காவின் இரண்டு கையையும் நான் எடுத்துக் குழந்தையைச் சுற்றி வைத்தேன்.

அத்தான் போன் பண்ணினார். ஸ்பீக்கரில் போட்டு அக்கா வாயருகே பிடித்தேன். சாப்பிட்டாயா, மருந்து எடுத்தாயா என்று சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் கேட்டார்.

“புள்ள எவ்வளவு எடை இருக்கும்?”

அக்கா குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“என்னால தூக்க முடியல. அவ்வளவு கனமா இருக்கா.”

 “நல்லது” என்று சொன்னார் அத்தான்.